பன்றிக்கும் மனிதருக்கும் பொதுவான உருளைப்புழு: கொட்டகையிலிருந்து சமையலறை வரை ஒரு முழு வழிகாட்டி

வெண்பன்றி வளர்ப்பவர்களிடம் குடற்புழு என்று சொன்னால் உடனே மருந்துப் பேச்சுதான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீவனத்தில் மருந்தைக் கலந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துச் சாணத்தைச் சோதித்தால் மறுபடியும் முட்டை தெரியும். உடனே "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டை. பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். குடலில் இருந்த புழு செத்திருக்கும். தரையில் கிடந்த முட்டைக்குத்தான் ஒன்றும் ஆகியிருக்காது.

அதனால் இந்த வழிகாட்டியில் மருந்துக்கு ஒரு பகுதிதான். மீதியெல்லாம் முட்டை எங்கே விழுகிறது, எப்போது ஆபத்தாகிறது, எதற்குச் சாகும், எதற்குச் சாகாது என்பது பற்றி.

எந்தப் புழு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பன்றியும் மனிதரும் பங்கிட்டுக்கொள்ளும் உருளை வடிவப் புழுக்களில் மூன்று முக்கியமானவை.

முதலாவது ஆஸ்காரிஸ். கிராமத்தில் நாக்குப்பூச்சி என்பார்கள். வெளிறிய இளஞ்சிவப்பு நிறம், பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளும். மனிதரிடம் இருப்பது ஆஸ்காரிஸ் லும்பிரிகாய்ட்ஸ், பன்றியிடம் இருப்பது ஆஸ்காரிஸ் சூயம். இந்தக் கட்டுரையின் நாயகன் இதுதான்.

இரண்டாவது சாட்டைப்புழு. பெருங்குடலில் தலையைத் தைத்துக்கொண்டு வாழ்வது. பன்றியின் சாட்டைப்புழு மனிதரிடம் நிலைத்துத் தங்குவது அரிது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் இதையே நம்பி, 2005ல் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பன்றிச் சாட்டைப்புழு முட்டைகளை, ஒரு வேளைக்கு 2,500 வீதம், மருந்தாகவே குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் நல்ல பலன் தெரிந்தது. பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் அது நிரூபணமாகவில்லை. பண்ணைக்காரருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மனிதருக்குப் பெரிய தொல்லை இல்லாவிட்டாலும் குட்டிகளுக்கு இது இரத்தப் பேதியைக் கொண்டுவரும்.

மூன்றாவது டிரைகினெல்லா. இது முற்றிலும் வேறு வழியில் வருவது. சாணமும் மண்ணும் இதற்குத் தேவையில்லை. இளம்புழு பன்றியின் தசைக்குள் சுருண்டு கிடக்கும், வேகாத இறைச்சியைத் தின்றால் நமக்கு வரும். இதைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பன்றி என்றதும் எல்லோரும் பயப்படும் நாடாப்புழு இந்தப் பட்டியலில் சேராது. அது தட்டைப்புழு, வேறு கதை.

முட்டையின் நாட்காட்டி

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்தே வருகின்றன.

ஒரு பெண் ஆஸ்காரிஸ் ஒரு நாளைக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும். அவை சாணத்தோடு வெளியே வரும்போது உள்ளே ஒரே ஒரு செல்தான் இருக்கும். அந்த நிலையில் அதை விழுங்கினால் ஒன்றும் ஆகாது. முட்டைக்குள் இளம்புழு உருவாகி, அது உள்ளேயே தோலுரித்த பிறகுதான் தொற்றும் சக்தி வரும். அதற்கு ஈரம், நிழல், காற்று, வெப்பம் நான்கும் வேண்டும். வசதியான சூழலில் 18 நாள் முதல் சில வாரங்கள் ஆகும். குளிர்ப் பகுதிகளில் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆக, இன்று விழுந்த சாணத்தில் இருக்கும் முட்டையால் இன்று ஆபத்தில்லை. மூன்று வாரமாக மூலையில் கிடக்கும் சாணத்தால்தான் ஆபத்து. இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. தினமும் சாணம் அள்ளும் பண்ணையில் முட்டைக்குப் பழுக்க நேரமே கிடைக்காது.

பழுத்த முட்டையைப் பன்றி விழுங்கினால் குடலில் அது பொரிந்து, இளம்புழு பெருங்குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தின் வழியே ஒரே நாளில் கல்லீரலுக்குப் போய்விடும். அங்கிருந்து ஒரு வாரத்துக்குள் நுரையீரல். நுரையீரலிலிருந்து மூச்சுக்குழாய் வழியாக ஏறித் தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டு, சுமார் 10 நாளில் சிறுகுடலுக்குத் திரும்பும். குடலில் பிறந்தது குடலில் வாழ்வதற்கு எதற்காக இவ்வளவு பெரிய சுற்று என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பன்றிக்கும் மனிதருக்கும் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி இந்தச் சுற்றுப்பயணத்தில்தான்.

திரும்பி வந்த இளம்புழுக்களில் பெரும்பாலானவற்றைப் பன்றியின் உடல் மூன்று வாரத்துக்குள் வெளியே தள்ளிவிடும். தங்கிய சில, 6 முதல் 8 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். மனிதரிடம் இதற்கு 2 முதல் 3 மாதம் ஆகும், அதன் பிறகு ஒன்று இரண்டு வருடம் உயிரோடு இருக்கும். மண்ணில் கிடக்கும் முட்டைக்கோ ஆயுள் பல வருடம்.

பன்றிப் புழு மனிதருக்கு வருமா? வரும், ஆனால்...

இது நூறு வருடமாக நடக்கும் வழக்கு. ஜப்பானிய மருத்துவர் ஷிமேசு கோயினோ 1922ல் மனித ஆஸ்காரிஸ் முட்டைகள் 2,000ஐத் தானே விழுங்கினார். தம்பிக்குப் பன்றி ஆஸ்காரிஸ் முட்டை 500 கொடுத்தார். அண்ணனுக்கு நிமோனியா போல நோய் வந்து, சளியில் இளம்புழுக்கள் வந்தன. பின்னர் நூற்றுக்கணக்கில் புழுக்களும் வெளியேறின. தம்பியின் குடலில் எதுவும் தங்கவில்லை. அதனால் பன்றிப் புழு மனிதரிடம் தேறாது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது.

அந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை. குடலில் தங்குவது குறைவு, ஆனால் நுரையீரல் பயணம் நடக்கும். 1970ல் கனடாவில் மாண்ட்ரியல் அருகே ஒரு மாணவர் தன் அறைத் தோழர்களின் சாப்பாட்டில் பன்றி ஆஸ்காரிஸ் முட்டைகளைக் கலந்துவிட்டார். நான்கு பேர் கடும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், இருவர் நிலைமை மிக மோசமானது. இது 1972ல் மருத்துவ இதழில் வெளியாகி, நுரையீரலுக்குப் பன்றிப் புழு என்ன செய்யும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாக இருக்கிறது.

குடலிலும் தங்கும் என்பதற்குச் சான்று பிறகு வந்தது. டென்மார்க்கில் மனித ஆஸ்காரிஸ் பரவல் அற்றுப்போன நிலையில், அவ்வப்போது குழந்தைகளிடமிருந்து வெளிவந்த புழுக்களை மரபணு வழியே ஆராய்ந்தபோது அவை பன்றியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2010 முதல் 2013 வரை 7 சிறு பண்ணைகளில் 14 பேருக்கு ஆஸ்காரிஸ் இருந்தது பதிவாகியது. எல்லாமே பன்றி வளர்த்த இடங்கள். ஜப்பானின் கியூஷு தீவில், பன்றி எரு போட்ட காய்கறிகளைப் பச்சையாகத் தின்றவர்களுக்குக் கல்லீரலிலும் நுரையீரலிலும் இளம்புழு நோய் வந்தது 1996ல் வெளியானது.

மறுபக்கமும் உண்டு. குவாத்தமாலாவில் ஒரே கிராமத்தில் மனிதரிடமும் பன்றியிடமும் எடுத்த புழுக்கள் பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகவே இருந்தன. அப்புறம் குவாத்தமாலா, சீனா இரண்டு நாட்டுப் புழுக்களிலும் கலப்பினங்கள் தெரிந்தன. 2020ல் கென்யாவின் கிராம மக்களிடமிருந்து எடுத்த புழுக்களின் முழு மரபணுவைப் படித்தபோது இரண்டின் மரபணுவும் கலந்துகிடந்தது. இரண்டும் ஒரே இனமா, இரண்டு இனமா என்ற சண்டையை உயிரியலாளர்களுக்கே விட்டுவிடலாம். பண்ணைக்காரர் இரண்டையும் ஒரே எதிரியாக எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் ஊரில் ஒரு குழந்தைக்குப் புழு என்றதும் பன்றி வளர்ப்பவர் வீட்டைக் கைகாட்டுவது அநியாயம். காஷ்மீரில் பன்றி வளர்ப்பு அரிதிலும் அரிது. ஆனால் உருளைப்புழு பித்தநாளத்துக்குள் புகுந்து நோய்ப்பட்டவர்களைப் பற்றிய உலகின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று ஸ்ரீநகரிலிருந்துதான் வந்தது. முகமது சுல்தான் குரூ குழுவினர் 1990ல் 500 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். உலகில் இந்தப் புழு பெரும்பாலும் மனித மலத்திலிருந்து மனிதருக்கே வருகிறது. பன்றி இல்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

படி 1: இருக்கிறதா என்று பாருங்கள்

வளர்ந்த பன்றியில் வெளியே தெரிகிற அறிகுறி எதுவும் இருக்காது. 2 முதல் 5 மாதக் குட்டிகளைக் கவனியுங்கள். தீவனம் தின்றும் எடை ஏறாமல் வயிறு மட்டும் உப்பியிருப்பது, ரோமம் சொரசொரப்பாவது, வறட்டு இருமலோடு விலாப்பக்கம் துள்ளித் துள்ளி மூச்சு வாங்குவது, இவை மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படலாம். இருமல் என்பது இளம்புழு நுரையீரலைக் கடக்கும் நேரம். அப்போது சாணத்தில் முட்டை இருக்காது, சோதனையில் "இல்லை" என்றுதான் வரும்.

சாணச் சோதனைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ நோய் ஆய்வகத்துக்கோ புதுச் சாணத்தைக் கொண்டுபோனால் போதும். தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். விழும்போதே பிடிப்பது நல்லது. எட்டு பத்துப் பன்றியிடமிருந்து தனித்தனியாக எடுங்கள், ஏனெனில் இந்தப் புழு எல்லோரிடமும் சமமாக இருக்காது. பத்தில் இரண்டு மூன்று பன்றிகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கும்.

நுண்ணோக்கி கைவசம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். தண்ணீரில் உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை கலக்கிக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகைச் சாணத்தை அதில் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, சிறு குழாயில் விளிம்புவரை ஊற்றி மேலே கண்ணாடித் துண்டை வைத்து 15, 20 நிமிடம் விடுங்கள். முட்டை மிதந்து கண்ணாடியில் ஒட்டும். பழுப்பு நிறம், தடித்த ஓடு, ஓட்டின் மேல் கரடுமுரடான மேடுகள்: அதுதான். எலுமிச்சை வடிவில் இரு முனையிலும் மூடி வைத்ததுபோல் இருந்தால் சாட்டைப்புழு.

ஒரு எச்சரிக்கை: ஒரு கிராம் சாணத்தில் 200 முட்டைக்குக் குறைவாகத் தெரிந்தால் அது உண்மையான தொற்றாக இல்லாமலும் இருக்கலாம். பன்றி பக்கத்துப் பன்றியின் சாணத்தைத் தின்னும். அந்த முட்டை அப்படியே கடந்து வெளியே வரும்.

எல்லாவற்றையும் விட நன்றாகச் சொல்லும் சாட்சி கல்லீரல். பன்றி வெட்டும்போது கல்லீரலின் மேல் பால் சிந்தியது போல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது இளம்புழு கடந்துபோன தடம். இதைக் கறிக்கடைக்காரர் தினமும் பார்க்கிறார், ஆனால் யாரும் அவரிடம் கேட்பதில்லை. வாங்குகிறவரிடம் சொல்லிவைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் கல்லீரலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செலவில்லாத சோதனை.

படி 2: மருந்து, யாருக்கு எப்போது

ஃபென்பெண்டசோல், ஐவர்மெக்டின், லெவாமிசோல், பைப்பரசின் ஆகியவை பன்றி ஆஸ்காரிஸுக்கு வழக்கத்தில் உள்ளவை. அளவை எடைக்கு ஏற்பக் கால்நடை மருத்துவர் சொல்வார். கண்ணளவில் எடை போட்டுக் குறைவாகக் கொடுப்பதுதான் பெரும்பாலான இடத்தில் நடக்கும் தவறு. கூட்டத்திலேயே கனமான பன்றியின் எடையை வைத்து அளவு கணக்கிட்டால் குறைய வாய்ப்பில்லை.

சினைப் பன்றியில் தொடங்குங்கள். குட்டி ஈனுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு மருந்து கொடுத்து, மடியையும் அடிவயிற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் கழுவிக் காய்ந்த அறைக்கு மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம். மடியில் ஒட்டியிருக்கும் முட்டைதான் குட்டியின் வாய்க்குள் போகும் முதல் முட்டை. மருந்து கொடுத்துவிட்டு மடியைக் கழுவாமல் விட்டால் பாதி வேலைதான் நடந்தது.

பால் மறந்த குட்டிகளுக்கு 8 முதல் 10 வார வயதில் கொடுக்கலாம். பிறகு எவ்வளவு இடைவெளி என்பது தரையைப் பொறுத்தது. புழு முட்டையிட 6 முதல் 8 வாரம் ஆகிறது அல்லவா? தொற்று அதிகமுள்ள பண்ணையில் அதற்கு முன்பே, 5 அல்லது 6 வார இடைவெளியில் மறுபடி கொடுத்தால், புதிதாக வளரும் புழு முட்டையிடும் முன்பே விழும். மூன்று மாத இடைவெளியில் கொடுத்தால் நடுவில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஒவ்வொரு பெண் புழுவும் தினம் 2 லட்சம் முட்டை போட்டுத் தள்ளியிருக்கும். புதிதாக வாங்கி வந்த பன்றிக்கு முதல் நாளே மருந்து கொடுத்து இரண்டு வாரமாவது தனியாக வைக்க வேண்டும்.

மருந்து கொடுத்த அடுத்த மூன்று நான்கு நாட்களில் சாணத்தோடு புழு கொத்துக் கொத்தாக விழும். அந்தச் சாணத்தை வழக்கமான குப்பையில் போடாதீர்கள். செத்த புழுவின் வயிற்றுக்குள் இருக்கும் முட்டைகள் சாகவில்லை. நேராக எருக் குவியலின் நடுப்பகுதிக்குள் புதையுங்கள்.

மருந்துக்குப் பின் இறைச்சிக்கு விற்கக் கூடாத நாட்கள் உண்டு. அட்டையில் போட்டிருக்கும். ஐவர்மெக்டின் ஊசிக்கு அது வாரக்கணக்கு. விலை ஏறியிருக்கிறது என்று முன்கூட்டியே விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

படி 3: தரை

தினமும் சாணம் அள்ளுவது. இதைவிடப் பலன் தரும் வேறு வேலை இந்தப் பட்டியலில் இல்லை.

மண் தரையும் வைக்கோல் படுக்கையும் புழுவுக்கு வசதி. சிமென்ட் தரை சாய்வாக இருந்து, ஈரம் தங்காமல் காய்ந்தால் முட்டைக்குக் கஷ்டம். விரிசலும் மூலையும் தண்ணீர்த் தொட்டியின் அடியும்தான் மிச்சம் இருக்கும் இடம், பூச்சு வேலைக்குச் செலவழிக்கப் பணமிருந்தால் அங்கே செலவழியுங்கள்.

கிருமிநாசினியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பினாயில், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்புத் தெளிப்பு ஆகியவை பாக்டீரியாவுக்குப் பயன்படலாம். ஆஸ்காரிஸ் முட்டையின் ஓடு பல அடுக்கு, அதில் ஒன்று கொழுப்பு அடுக்கு. வழக்கமான அளவில் இவற்றால் அதை ஊடுருவ முடியாது. ஆய்வகத்தில் இந்த முட்டைகளை, சடலம் அழுகாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின் கரைசலிலேயே வளர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குளோரோகிரெசால் வகையில் சில மட்டும் முட்டையைத் தாக்கக்கூடியவை.

முட்டையைக் கொல்வது இரண்டு: சூடும் உலர்ச்சியும். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நிமிடங்களில் சாகும். கொட்டகை காலியாகும்போது முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, பிறகு கொதிநீரோ நீராவியோ பாய்ச்சி, அப்புறம் ஒரு வாரமாவது காயவிடுங்கள். சுரண்டாமல் கொதிநீர் ஊற்றினால் சாண அடுக்கே முட்டைக்குப் போர்வையாகிவிடும். நம்மூர் சித்திரை, வைகாசி வெயில் இலவசமாகக் கிடைக்கும் மருந்து. கூரை ஓடோ தகடோ சிலவற்றை நகர்த்தித் தரையில் நேரடி வெயில் படவைத்தால் நல்லது.

திறந்த வெளியில் மேயவிடுபவர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருமுறை முட்டை பரவிய மேய்ச்சல் நிலம் பல வருடம் சுத்தமாகாது. உழுது வெயில் காட்டி, இரண்டு மூன்று போகம் வேறு பயிர் வைப்பது பாரத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

படி 4: எரு

சாணத்தை அள்ளி ஓர் ஓரத்தில் கொட்டிவிட்டால் ஆபத்தை நான்கடி நகர்த்தி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அது சூடேற வேண்டும்.

குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டர் இருக்கட்டும். சிறிய குவியலில் சூடு நிற்காது. பன்றிச் சாணம் ஈரம் அதிகம், காற்றுப் புகாது. அதனால் வைக்கோல், கரும்புச் சோகை, உலர்ந்த இலை என்று ஏதாவது ஒன்றைத் தாராளமாகக் கலக்க வேண்டும். பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. சரியாகப் போட்டால் சில நாட்களிலேயே 55 டிகிரியைத் தாண்டும். அமெரிக்க அரசின் கழிவு உர விதிகளில் நீளவாக்குக் குவியலுக்கு 55 டிகிரியில் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல் என்று இருக்கிறது. புரட்டும்போது வெளிப்பக்கம் உள்ளே போக வேண்டும். வெளிப்பக்கம் சூடாகாது, முட்டை அங்கேதான் தப்பிக்கும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு வேண்டும்.

மண்புழு உரம் தயாரிப்பவர்களுக்கு: மண்புழுத் தொட்டியில் இந்தச் சூடு வராது, வந்தால் மண்புழு செத்துவிடும். எனவே முதலில் சூட்டுக் குவியல், பிறகு மண்புழு.

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களும் ஏமாறக் கூடாது. நம் வீட்டுக் கலன்களின் வெப்பம் 30 சொச்சம் டிகிரிதான். கணிசமான முட்டைகள் உயிரோடு கழிவுக்குழம்பில் வெளியே வரும். அந்தக் குழம்பையும் காய்கறிப் பாத்தியில் நேரடியாக விடக் கூடாது. பன்றியோடு மீன் வளர்ப்பவர்கள் குளத்துச் சேற்றை அள்ளி வயலில் போடும்போதும் இதே கவனம் வேண்டும், முட்டை கனமானது, அடியில்தான் படியும்.

சூடேற்ற வழியே இல்லையென்றால் காலம்தான் மருந்து. மனித மலத்தைச் சேமித்து உரமாக்குவதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2006ல் சொன்னது, 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கும் மேல். இடையில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. பன்றி எருவுக்கும் அதைவிடக் குறைவாக யோசிக்க நியாயமில்லை.

படி 5: தோட்டமும் சமையலறையும்

பச்சை எருவை கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட் பாத்திகளுக்குப் போடாதீர்கள். தென்னைக்கும் வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் போடுங்கள்.

முட்டையின் மேல்தோல் ஒட்டும் தன்மை கொண்டது. கீரையை ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுப்பதால் போகாது. ஓடும் நீரில் இலை இலையாகத் தேய்க்க வேண்டும். உப்பு, மஞ்சள், வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது முட்டையைக் கொல்லும் என்று பரவும் குறிப்புகளை நம்ப வேண்டாம். ஊறவைத்துக் கழுவுவதில் கழுவுவதுதான் பலன். கிழங்குகளைத் தோல் சீவி விடலாம். சமைத்துவிட்டால் பேச்சே இல்லை.

படி 6: வீட்டு மனிதர்கள்

கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, அது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டி, சாப்பிடும் முன் சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கை சுத்திகரிப்பான் திரவம் இந்த முட்டையைக் கொல்லாது, தேய்த்து அகற்றத்தான் வேண்டும். எருக் குவியல் பக்கம் சின்னப் பிள்ளைகள் விளையாடாமல் வேலி போடுங்கள். மண்ணை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

மறுதிசையையும் அடைக்க வேண்டும். பன்றி மனித மலத்தைத் தின்னும். கோவாவிலும் தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் பன்றிக் கொட்டகைக்கு மேலேயே கழிப்பறை கட்டும் வழக்கம் இருந்தது. பண்ணையில் வேலை செய்பவர்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாமல், புழு நீக்கத்துக்கு மட்டும் செலவழிக்கும் முதலாளிகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை தவறவிடாதீர்கள். 2015லிருந்து இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்பது தேசியத் தேதி. 1 முதல் 19 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவச ஆல்பெண்டசோல். 2 வயதுக்குக் கீழே 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400. மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இது கூடாது.

மாத்திரையோடு மற்ற வேலையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 1963ல் ஜியோன்ஜு நகரில் ஒரு 9 வயதுச் சிறுமியின் குடலிலிருந்து 1,063 புழுக்கள் எடுக்கப்பட்டன, அவள் பிழைக்கவில்லை. நாடே அதிர்ந்தது. அடுத்த வருடம் ஒட்டுண்ணி ஒழிப்புக்கென்றே ஒரு சங்கம் பிறந்து, பின்னர் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருடம் இருமுறை மலச் சோதனையும் மருந்தும் நடந்தன. வயலுக்கு மனித மலத்தை உரமாகப் போடும் வழக்கமும் மறைந்தது. 1971ல் மக்களில் 54.9 சதவீதத்தினரிடம் ஆஸ்காரிஸ் இருந்தது. 1992ல் அது 0.3 சதவீதம்.

படி 7: யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்

பண்ணையில் வேலை செய்பவருக்கு வறட்டு இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல் வந்து இரண்டு வாரம் நீடித்தால், மருத்துவரிடம் "பன்றி வளர்க்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார். மலச் சோதனையில் முட்டை இல்லை என்பதால் புழு இல்லை என்று ஆகாது. இளம்புழு நுரையீரலில் இருக்கும்போது முட்டை வராது. பன்றிப் புழுவாக இருந்தால் கடைசிவரை வராமலேயும் போகலாம். இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் ஏறியிருப்பதும் நுரையீரல் படத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் திட்டுகளும்தான் துப்பு. சூரிச்சின் வில்ஹெல்ம் லோஃப்லர் 1932ல் விவரித்த நோய்க்குறி இது. ஆஸ்துமா என்று நினைத்து வருடக்கணக்கில் உறிஞ்சி மருந்து எடுக்கும் முன் ஒரு இரத்தச் சோதனை பார்த்துவிடலாம்.

குழந்தைக்கு வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் வெளியேறாமல் இருந்தால் அது குடலடைப்பாக இருக்கலாம். பூச்சி மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலது மேல் வயிற்றில் துடிக்க வைக்கும் வலியும் அப்படியே, புழு பித்தநாளத்தில் ஏறியிருக்கலாம். காய்ச்சலின்போதும் மயக்க மருந்தின்போதும் புழு இடம் மாறி அலையும் என்பதால், அறுவைச் சிகிச்சைக்கு முன் புழு இருப்பது தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாயிலோ மலத்திலோ புழு வந்தால் தூக்கி எறியாமல் ஒரு புட்டியில் உப்புத் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோனால் மருத்துவர் வேலை பாதியாகக் குறையும். பன்றிக்கு வாங்கிய மருந்தை மனிதர் எடுத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவும் கலவையும் வேறு.

இறைச்சியைப் பற்றி

பன்றி இறைச்சி தின்பதால் ஆஸ்காரிஸ் வராது. குடலும் கல்லீரலும் சுத்தம் செய்யும் கைகளைக் கழுவினால் போதும்.

டிரைகினெல்லாதான் இறைச்சியில் வருவது. 1835ல் லண்டனில் ஜேம்ஸ் பேஜெட் என்ற மருத்துவ மாணவர் ஒரு சடலத்தின் தசையில் இதைப் பார்த்தார். இந்தியாவில் இது மிக அரிது, காட்டுப்பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்பதில்தான் கவனம் வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு மறையும்வரை, 71 டிகிரிக்கு வேகவைத்தால் செத்துவிடும். நம் குழம்பு கொதிக்கும் சூட்டுக்கு இது தாங்காது. சுட்ட இறைச்சியும் உப்புக்கண்டமும்தான் சந்தேகத்துக்குரியவை, உப்பையும் புகையையும் மட்டும் நம்பாதீர்கள்.

படி 8: மறுபடி சோதனை

இவ்வளவும் செய்த பிறகு பலன் இருக்கிறதா என்று இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்த இரண்டு வாரத்தில் சாணத்தில் முட்டை அநேகமாகக் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் அளவு தவறு அல்லது மருந்துக்கு எதிர்ப்பு, மருத்துவரிடம் மருந்தை மாற்றச் சொல்லுங்கள். அடுத்தது கல்லீரல். வெள்ளைத் திட்டு புதுத் தொற்று இல்லாவிட்டால் ஐந்து வாரம் போல ஆறி மறைந்துவிடும். ஆகவே வெட்டும் அன்று தெரியும் திட்டு கடந்த ஒரு மாதத்துக்குள் விழுங்கிய முட்டையைக் காட்டுகிறது. சாணத்தில் முட்டை இல்லை, கல்லீரலில் திட்டு மட்டும் குறையவில்லை என்றால் மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி மாதம் அந்தப் பன்றிகள் படுத்திருந்த தரையைப் போய்ப் பாருங்கள்.